அலமாரியைத் திறந்துவிட்ட கணக்கு வாத்தியார்

மலர்க்குழு நண்பர்கள் போன மாதம் போன் செய்தார்கள். நம் கல்லூரி நூலகத்துக்கு முன்னாள் மாணவர் சங்கம் ஏதோ பெரிதாகச் செய்யப் போகிறதாம். அதனால் பல்கலைக்கழக நூலகங்களில் இப்போது என்னென்ன புது வசதிகள், என்னென்ன மெஷின்கள் வந்திருக்கின்றன என்று ஒரு கட்டுரை வேண்டும் என்றார்கள். ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் 31 வருஷம் குப்பை கொட்டியவன் நான். எழுதிடலாம் என்று சம்மதித்துவிட்டேன்.

உட்கார்ந்து எழுதவும் ஆரம்பித்தேன். பார்கோடு, ஆர்.எஃப்.ஐ.டி., கம்ப்யூட்டர் கேட்டலாக், மின் இதழ்கள், வீட்டிலிருந்தே படிக்கும் வசதி... ஒரு பக்கம் ஆனதும் பேனா நின்று போச்சு. கடைக்காரர் கொடுக்கிற விலைப்பட்டியல் மாதிரி இருந்தது. மலர் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் அதில் பாதி பழசாகிவிடும். அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

அதற்குப் பதிலாக ஒரு மனிதரின் கதையைச் சொல்லலாம் என்று தோன்றியது. கம்ப்யூட்டர் என்ற சொல்லே இந்த ஊரில் யாருக்கும் தெரியாத காலத்தில் பல்கலைக்கழக நூலகத்தைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டவர். நம்மைப் போலக் கணக்கு படித்தவர். நம்மில் பலரைப் போலவே விருப்பமில்லாமல் ஒரு வேலையில் மாட்டிக்கொண்டவர். எஸ்.ஆர்.ரங்கநாதன். நூலகம் படித்தவர்களுக்கு அவர் தெய்வம். மற்றவர்களுக்குப் பெயர் மட்டும் எங்கோ கேட்ட மாதிரி இருக்கும். இந்தக் கதை அந்த மற்றவர்களுக்காக.

சீர்காழிப் பையன்

1892 ஆகஸ்டில் பழைய தஞ்சாவூர் ஜில்லா சீர்காழியில் பிறந்தார். வெள்ளைக்காரன் அந்த ஊரை சியாழி என்று எழுதுவான். அவர் இனிஷியலில் உள்ள எஸ். அந்த சியாழிதான். ஆர். என்பது அப்பா ராமாமிருதம். பையனுக்கு 6 வயதாகும்போதே அப்பா தவறிப் போனார். சீர்காழியிலேயே ஹிந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தார். போதாததற்குப் பேச்சில் திக்கல் வேறு.

பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. அது அப்போது தாம்பரத்தில் இல்லை, ஹைகோர்ட்டுக்கு எதிரே பாரிமுனைப் பக்கம் இருந்தது. அங்கே எட்வர்ட் ராஸ் என்று ஒரு கணிதப் பேராசிரியர் இருந்தார். அவருக்கும் ரங்கநாதனுக்கும் இருந்தது குரு சிஷ்ய உறவு. அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். 1913-ல் பி.ஏ., 1916-ல் கணிதத்தில் எம்.ஏ. அதற்கப்புறம் சைதாப்பேட்டை டீச்சர்ஸ் காலேஜில் ஆசிரியர் பயிற்சி. 1917-ல் மங்களூர் அரசுக் கல்லூரியில் வேலை கிடைத்தது. அங்கிருந்து கோயமுத்தூர், 1921-ல் சென்னை மாநிலக் கல்லூரி. திக்கு வாய் உள்ளவர் வகுப்பில் நின்று பாடம் நடத்துவது எவ்வளவு பெரிய சோதனை என்று யோசித்துப் பாருங்கள். விடாமுயற்சியால் அதை அடக்கி, நல்ல வாத்தியார் என்று பெயரும் வாங்கினார்.

வேண்டாத வேலை

1923-ல் சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவி ஒன்றை உண்டாக்கி விளம்பரம் செய்தது. அதுவரை அங்கே முழுநேர நூலகர் என்று யாரும் கிடையாது. சம்பளம் கல்லூரி வாத்தியார் சம்பளத்தைவிட நன்றாக இருந்தது. நண்பர்கள் தூண்டினார்கள், விண்ணப்பம் போட்டார். சுமார் 900 பேர் போட்டி என்று சொல்வார்கள். அத்தனை பேரில் நூலகப் பயிற்சி பெற்றவர் ஒருத்தர்கூட இல்லை. ரங்கநாதனுக்கும் அது பற்றி ஒன்றும் தெரியாது. நேர்முகத்துக்குச் சில நாள் முன்பு பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். ஆராய்ச்சி அனுபவம் உள்ளவர் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இவர் கணிதத்தில் சில கட்டுரைகள் எழுதியிருந்தார். வேலை கிடைத்துவிட்டது.

1924 ஜனவரியில் போய்ச் சேர்ந்தார். பல்கலைக்கழக நூலகம் அப்போது எழும்பூரில் கன்னிமரா நூலகக் கட்டடத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தால் ஈ காக்கை இல்லை. நேற்று வரை 60, 70 பையன்களுக்கு நடுவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மனுஷர். திடீரென்று புத்தகப் பூச்சிகளோடு தனியாக உட்காரச் சொன்னால்? சில நாளிலேயே மூச்சு முட்டிவிட்டது. நேராக மாநிலக் கல்லூரி முதல்வரிடம் ஓடினார், என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

முதல்வர் மறுக்கவில்லை, ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். பல்கலைக்கழகம் எப்படியும் உங்களைப் பயிற்சிக்கு இங்கிலாந்து அனுப்பப் போகிறது, போய்ப் பாருங்கள், திரும்பி வந்த பிறகும் இதே மனசு இருந்தால் உங்கள் இடம் காலியாகவே இருக்கும், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றாராம்.

இந்த இடத்தில் நான் எப்போதும் ஒரு நிமிஷம் நின்றுவிடுவேன். அந்த முதல்வர் சரி வந்துவிடு என்று சொல்லியிருந்தால் நமக்கு ஒரு நல்ல கணக்கு வாத்தியார் மிஞ்சியிருப்பார், இந்திய நூலக இயக்கம் இந்த வடிவத்தில் இருந்திருக்காது. வேலை பிடிக்கவில்லை, விட்டுவிடப் போகிறேன் என்று மாணவர்கள் வந்து நிற்கும்போது நான் சொல்வது இந்தக் கதையைத்தான். பிடிக்காத வேலையை ஒரு தடவை வெளியே போய் நின்று பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்.

லண்டனில் ஒரு பொம்மைக் கடை

1924 செப்டம்பரில் கப்பல் ஏறினார். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் நூலகப் பள்ளி. அங்கே பெர்விக் சேயர்ஸ் என்பவர் வழிகாட்டி. அவர் குராய்டன் ஊர்ப் பொது நூலகத்தின் தலைமை நூலகர். அவர் சொன்னபடி ரங்கநாதன் ஊர் ஊராகப் போய் 100-க்கும் மேற்பட்ட நூலகங்களைப் பார்த்தார்.

பார்த்தவர் அசந்து போனார். அங்கே நூலகம் பண்டிதர்களின் சொத்தாக இல்லை. தொழிலாளி வேலை முடித்து வந்து படிக்கிறான். பெண்கள் வருகிறார்கள். குழந்தைகளுக்குத் தனி இடம். நம் ஊரிலோ புத்தகம் என்றால் பீரோவில் பூட்டி வைத்து நாப்தலின் உருண்டை போட வேண்டிய பொருள். இந்த வித்தியாசம்தான் அவர் மனசைத் திருப்பியது. மாநிலக் கல்லூரி நாற்காலி அப்புறம் அவருக்கு நினைவுக்கே வரவில்லை.

இன்னொன்றையும் கவனித்தார். ஒவ்வொரு நூலகத்திலும் புத்தகங்களை ஒவ்வொரு மாதிரி பிரித்திருந்தார்கள். பெரும்பாலும் அமெரிக்கர் மெல்வில் டியூயி 1876-ல் வெளியிட்ட தசம முறை. அறிவுலகத்தையே முன்கூட்டிப் பத்துப் பத்தாகப் பிரித்து எண் கொடுத்துவிட்ட திட்டம் அது. புதிதாக ஒரு விஷயம் முளைத்தால், அதற்கு முன்பே போட்டு வைத்த கட்டத்தில் எங்காவது இடுக்கில் இடம் தேட வேண்டும். கணக்கு படித்த மூளைக்கு இது சரிப்படவில்லை.

ஒரு நாள் லண்டன் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமான் செட்டைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். நம்மில் சிலர் சின்ன வயதில் விளையாடியிருப்போம். ஓட்டை போட்ட தகரப் பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள். அதே துண்டுகளை மாற்றி மாற்றி முடுக்கினால் ஒரு நேரம் பாலம், ஒரு நேரம் கிரேன், ஒரு நேரம் வண்டி. ரங்கநாதனுக்குப் பொறி தட்டியது. விஷயங்களுக்கு எண்களை முன்கூட்டியே போட்டு வைப்பானேன்? துண்டுகளை மட்டும் தயாராக வைத்துக்கொண்டு, புத்தகம் வந்தபோது வேண்டியதைச் சேர்த்து முடுக்கிக்கொண்டால் போதாதா? துண்டுகளைச் சேர்க்கும் திருகாணியாக முக்காற்புள்ளி என்ற இரட்டைப் புள்ளியை வைத்துக்கொண்டார். அதனால்தான் அந்த முறைக்குக் கோலன் பகுப்பு முறை என்று பெயர்.

1925-ல் ஊர் திரும்பினார். சும்மா வரவில்லை, வழியிலேயே கப்பலில் இருந்த நூலகத்தின் புத்தகங்களைத் தன் புது முறைப்படி வகைப்படுத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். கடல் பயணத்தில் வேறு யாராவது இந்த வேலை பார்த்திருப்பார்களா, தெரியவில்லை!

கூண்டு திறந்தது

வந்தவர் முதலில் செய்தது அலமாரிகளைத் திறந்துவிட்டது. அதுவரை வாசகர் சீட்டெழுதிக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும், உள்ளே இருப்பவர் எடுத்து வந்து கொடுப்பார். இவர் வாசகரையே உள்ளே விட்டார். திருட்டுப் போகுமே என்று பயந்தவர்கள் உண்டு. சில புத்தகம் போனாலும் பரவாயில்லை, ஆயிரம் புத்தகம் படிக்கப்படாமல் கிடப்பதுதான் பெரிய நஷ்டம் என்பது இவர் கணக்கு.

அடுத்தது நேரம். ஆபீஸ் நேரத்தில் மட்டும் திறந்திருந்தால் ஆபீஸ் போகிறவன் எப்போது வருவான்? காலை சீக்கிரம் திறந்தார், மாலை வரை திறந்தார், விடுமுறை நாளிலும் திறந்தார். மூன்றாவது, ஆள். புத்தகம் தேடி வருகிறவனுக்குப் பக்கத்தில் நின்று, என்ன வேண்டும் என்று கேட்டு, அவனையும் அவனுக்கான புத்தகத்தையும் சேர்த்து வைக்கத் தனி ஊழியர்கள். நூலகத்தின் உயிரே இந்தச் சேவைதான் என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் அன்றைக்குப் புதுச் சேவைகள். மின்சாரம்கூடத் தேவைப்படாத புதுமைகள்.

1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவானது. அதற்குப் பின்னால் நின்றவர் இவர்தான். 1929-ல் கோடைக்காலப் பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தார், பிறகு அதைப் பல்கலைக்கழகமே எடுத்துக்கொண்டது. 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போகும் நூலகம் கிளம்பியது. அதைத் தொடங்கி வைக்க இவர் போனார். 1936-ல் பல்கலைக்கழக நூலகம் ஒண்டுக்குடித்தனம் முடிந்து, சேப்பாக்கத்தில் கடற்கரைக்கு எதிரே தன் சொந்தக் கட்டடத்துக்குக் குடிபோனது. இன்றைக்கும் அங்கேயேதான் இருக்கிறது. சென்னை போகிறவர்கள் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சொந்த வாழ்க்கை இவ்வளவு சீராக இல்லை. முதல் மனைவி ருக்மணி 1928-ல் ஒரு விபத்தில் இறந்து போனார். அடுத்த வருஷம் சாரதாவை மணந்தார். கல்யாணத்தன்றே நூலகத்துக்கு வேலைக்குத் திரும்பிவிட்டார் என்பார்கள். 20 வருஷத்தில் லீவே எடுக்காதவர் என்று பெயர். இதைப் பெருமையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் கொஞ்சம் சங்கடம் உண்டு. தனக்குக் கீழே வேலை பார்த்தவர்களிடமும் அவர் இதையேதான் எதிர்பார்த்தார். அந்த வீட்டில் சாரதா அம்மாள் எப்படி நாளைக் கழித்தார் என்று யாரும் புத்தகம் எழுதவில்லை.

ஐந்து விதிகளும் என் தப்பும்

அவர் மனசில் இதெல்லாம் தனித்தனிக் காரியங்களாக ஓடிக்கொண்டிருந்தன. பௌதிகத்துக்கு நியூட்டன் விதிகள் மாதிரி, இத்தனைக்கும் அடியில் ஏதாவது விதி இருக்கத்தானே வேண்டும்? 1928-ல் ஒரு நாள் தன் பழைய குரு ராஸிடம் இதைச் சொல்லித் தவித்தார். ராஸ் சாதாரணமாக, புத்தகம் இருப்பது பயன்படத்தானே, அதுதான் உன் முதல் விதி என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போய்விட்டார். மற்ற நான்கும் மளமளவென்று வந்தன. 1931-ல் நூலக அறிவியலின் ஐந்து விதிகள் என்ற ஆங்கிலப் புத்தகமாக வெளிவந்தது.

சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். புத்தகம் பூட்டி வைக்க அல்ல, பயன்படுத்த. எந்த வாசகருக்கும் அவருக்கென்று ஒரு புத்தகம் உண்டு. எந்தப் புத்தகத்துக்கும் அதற்கென்று ஒரு வாசகர் உண்டு. வருகிறவர் நேரத்தை வீணாக்காதே. நூலகம் உயிருள்ளது, வளர்ந்துகொண்டே இருக்கும். அவ்வளவுதான். கேட்டால், இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். எனக்கும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது அப்படித்தான் தோன்றியது. இதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் கழித்து, அதுவும் ஒரு டீக்கடையில்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் கேட்டலாக் வந்தது. கார்டுகள் அடுக்கிய மரப்பெட்டிகளை எல்லாம் பின்பக்க வராந்தாவுக்குத் தள்ளினோம். ஹாலில் ஆறு கம்ப்யூட்டர், ஏ.சி., திறப்பு விழா, போட்டோ. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எம்.ஏ. தமிழ் முதலாண்டுப் பையன் ஒருத்தன் மூன்று நாள் தொடர்ந்து வந்தான். கம்ப்யூட்டர் முன்னால் கொஞ்ச நேரம் தட்டுவான், போய்விடுவான். நான் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து புத்தக விவரங்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். நாளைக்கு இத்தனை ஏற்ற வேண்டும் என்று கணக்கு. எழுந்திருக்கவில்லை. நான்காம் நாள் அவன் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து டீக்கடையில் பார்த்தேன். என்னப்பா ஆளையே காணோம் என்றேன். விபுலாநந்த அடிகளின் யாழ் நூல் தேடினேன் சார், நம்ம லைப்ரரியில இல்ல போலிருக்கு, அது இல்லாமலே கட்டுரையைக் கொடுத்துட்டேன் என்றான். குறையாகக்கூடச் சொல்லவில்லை. தமிழ்ப் புத்தகம் அவ்வளவாக இருக்காது என்று அவனே முடிவு செய்துகொண்டிருந்தான்.

எனக்கு டீ இறங்கவில்லை. 1947-ல் வந்த அந்தப் புத்தகம் எங்களிடம் மூன்று பிரதி இருந்தது, எனக்கு அலமாரியே கண்ணில் தெரியும். ஓடிப் போய் கம்ப்யூட்டரில் பார்த்தேன். அப்போது எங்கள் மென்பொருளில் தமிழ் எழுத்து வராது, தமிழ்த் தலைப்புகளை எல்லாம் ஆங்கில எழுத்தில் ஏற்றினோம். ழகரத்துக்கு ஒருத்தர் எல் போடுவார், இன்னொருத்தர் இசட் எச் போடுவார். பையன் ஒரு மாதிரி தட்டியிருக்கிறான், உள்ளே வேறு மாதிரி இருந்தது. ஏற்றியவர் யார் என்று பார்த்தேன். நான்தான். வராந்தாவுக்குப் போய் மரப்பெட்டியில் யகரத்தைத் திறந்தேன். அழகான தமிழ்க் கையெழுத்தில் அந்தக் கார்டு அரை நிமிஷத்தில் கைக்கு வந்தது.

தப்பு கம்ப்யூட்டருடையது இல்லை. மூன்று நாள் அவன் என் கண் முன்னால் நின்றான், நான் எழுந்து போய் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. ஐந்து விதியையும் மனப்பாடமாக ஒப்பித்துப் பாஸானவன் ஐந்தையும் ஒரே பையனிடம் மீறினேன். மறுநாள் தமிழ்க் கார்டுப் பெட்டிகளை ஹாலுக்குத் திரும்பக் கொண்டுவந்தோம். கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, முறை வைத்து ஒருத்தர் உட்கார்ந்தோம். பதிவுகளைத் திருத்தி முடிக்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. யூனிகோடு வந்து தமிழ் எழுத்திலேயே தேடலாம் என்று ஆன பிறகுதான் எனக்கு நிம்மதி.

கடைகளில் இருக்கும் ரங்கநாதன்

அவருடைய கோலன் பகுப்பு முறை 1933-ல் புத்தகமாக வந்தது. எந்த விஷயத்தையும் ஐந்து முகமாகப் பார்க்கலாம் என்று பிற்பாடு வகுத்தார். எதைப் பற்றியது என்ற மையம், அதன் பொருள் அல்லது தன்மை, அதில் நடக்கும் செயல், இடம், காலம். உதாரணமாக, 1950-களில் தஞ்சாவூரில் நெற்பயிர் நோயைக் கட்டுப்படுத்தியது பற்றி ஒரு புத்தகம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல் ஒரு துண்டு, நோய் ஒரு துண்டு, கட்டுப்பாடு ஒரு துண்டு, தஞ்சாவூர், 1950-கள். மெக்கானோ மாதிரி முடுக்கினால் புத்தகத்தின் எண் தயார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். உலகத்தில் பெரும்பாலான நூலகங்கள் இந்த முறையைப் பின்பற்றவில்லை. எண்கள் நீண்டுகொண்டே போகும், பதிப்புக்குப் பதிப்பு அவர் மாற்றிக்கொண்டே இருப்பார். மாற்றிய ஒவ்வொரு தடவையும் பழைய எண்களைத் திருத்த நூலகர்கள் திண்டாடினார்கள். இந்தியாவிலேயே டியூயி முறைதான் அதிகம்.

ஆனால் அவருடைய யோசனை வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. இன்றைக்கு உங்கள் பேத்தி இணையக் கடையில் செருப்பு வாங்கும்போது ஓரமாகப் பாருங்கள். அளவு, நிறம், விலை, கம்பெனி என்று தனித்தனியாக டிக் அடித்துக்கொண்டே போவாள், பட்டியல் சுருங்கிக்கொண்டே வரும். நூலகக் கம்ப்யூட்டரிலும் ஆசிரியர், மொழி, வருஷம், பொருள் என்று அப்படித்தான். ஒரு பொருளைப் பல முகமாகப் பிரித்து, வேண்டிய முகத்தைச் சேர்த்துத் தேடும் இந்த வழியை முறையான தத்துவமாக வகுத்துக் கொடுத்தவர் சீர்காழிக்காரர்தான். அந்தத் துறைக்காரர்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்லித்தான் பாடத்தை ஆரம்பிக்கிறார்கள்.

காசி, டெல்லி, பெங்களூர்

20 வருஷம் வேலை செய்த சென்னையில் கடைசிக் காலம் கசப்பாகிவிட்டது. 1944-ல் தானாகவே விலகிவிட்டார், வயது 52. ஒதுங்கி உட்கார்ந்துவிடலாம் என்று இருந்தவருக்குக் காசி இந்துப் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. போனார். அங்கே சுமார் 1 லட்சம் புத்தகங்கள் வகைப்படுத்தாமல் கிடந்தன. உதவிக்கு ஆள் இல்லை. தனி மனிதராக உட்கார்ந்து, இரண்டு வருஷ அளவில் முடித்துக் கொடுத்தார். புத்தகம் ஏற்றிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், இது நம்ப முடியாத காரியம்.

1947-ல் டெல்லிப் பல்கலைக்கழகம். நூலக அறிவியலில் முதுகலைப் பட்டமும் ஆராய்ச்சியும் அங்கேதான் வேர் விட்டன. அடுத்த வருஷம், 1948-ல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் இதுதான் முதல். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கி, அந்தப் பணத்தில் நூலகம் நடத்துவது. இவர் பல வருஷமாக மசோதா எழுதி எழுதிப் போராடியதன் பலன் அது. உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஒரு பத்திரிகையைப் பிரித்தீர்கள் என்றால் அதில் இவர் பங்கும் இருக்கிறது.

1957-ல் பத்மஸ்ரீ. ஐம்பதுகளின் நடுவில், தன் வாழ்நாள் சேமிப்பிலிருந்து 1 லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். மனக்கசப்போடு வெளியே வந்த அதே இடத்துக்கு! நூலக அறிவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்தச் சொல்லி, மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து வைக்கச் சொன்னார். நான் முன்னே சொன்ன சங்கடத்துக்கு இது ஓரளவு பதில் என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் மெஷினுக்கு விரோதி என்று யாரும் நினைக்க வேண்டாம். 1962-ல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சி பயிற்சி மையத்தை நிறுவினார். அது இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஒரு பிரிவு. ஐம்பதுகளிலேயே கல்கத்தாவுக்குக் கம்ப்யூட்டரை வரவழைத்த நிறுவனம் அது. விஞ்ஞானக் கட்டுரைகள் வெள்ளமாகப் பெருகும் காலத்தில் தகவலை எப்படிப் பிரித்து எப்படித் தேடுவது என்பதுதான் அங்கே ஆராய்ச்சி. 1965-ல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆனார். 1967-ல் கணிதமேதை ராமானுஜனைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கணக்கு வாத்தியார் கடைசி வரை உள்ளே இருந்திருக்கிறார் பாருங்கள். 1972 செப்டம்பர் 27-ல் பெங்களூரில் காலமானார். அவர் நினைவாக ஆகஸ்ட் 12-ஐ நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

நம் பங்கு

இப்போது மலர்க்குழு கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். புது வசதிகளுக்குக் குறைவில்லை. நாடு முழுக்க நடந்த பிஎச்.டி. ஆய்வேடுகளில் லட்சக்கணக்கானவற்றை சோத்கங்கா என்ற தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தமிழிணையம் மின்னூலகத்தில் வீட்டிலிருந்தே புரட்டலாம். அரசுக் கல்வி நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான ஆராய்ச்சி இதழ்களைப் படிக்க 2025 ஜனவரியில் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் தொடங்கியது. ரங்கநாதன் பார்த்திருந்தால் குழந்தை மாதிரி குதித்திருப்பார்.

ஆனால் குதித்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்டிருப்பார். கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைக்கு இது இருப்பது தெரியுமா? திறந்து காட்ட ஆள் இருக்கிறதா? அலமாரிக்குப் போட்டிருந்த பூட்டை அவர் எடுத்தார். கம்ப்யூட்டருக்கும் ஒரு பூட்டு உண்டு. பார்த்தால் தெரியாது. என்ன தட்ட வேண்டும் என்று தெரியாதவனுக்கு அது பூட்டிய பீரோதான்.

ஆகையால் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது. கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுங்கள், சந்தோஷம். பெயர்ப்பலகையும் மாட்டிக்கொள்ளுங்கள், தப்பில்லை. அந்தப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, அந்த மெஷின்கள் பக்கத்தில் உட்கார ஒரு பயிற்சி பெற்ற ஆளுக்கு மூன்று வருஷச் சம்பளம் கொடுங்கள். நாற்காலியை நான் வாங்கித் தருகிறேன். அந்த ஆள் வரும் வரைக்கும் வாரத்தில் இரண்டு நாள் காலையில் நானே வந்து உட்காரவும் தயார், முழங்கால் ஒத்துழைத்தால்.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் இல்லை என்று சொன்னால் அதை அப்படியே நம்பிவிட்டு வெளியே போகாதீர்கள். அங்கே உட்கார்ந்திருப்பவரிடம் போய்க் கேளுங்கள். அவர் வேலையாக இருக்கிற மாதிரி தெரிந்தாலும் கேளுங்கள். நானும் அன்றைக்கு அப்படித்தான் தெரிந்திருப்பேன்.

அந்தப் பையன் பிறகு ஆராய்ச்சி முடித்து ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுக்கப் போனான். அவன் ஆய்வேட்டின் பின்பக்கம் படித்த நூல்களின் பட்டியலில் யாழ் நூல் இருந்தது. எடுத்துக் கொடுத்தது நான். ஆறு வருஷம் லேட்.